மெத்தைக்குப் பயமே கிடையாது

பூனையைக் கணவர் பால்கனிக் கம்பிக்கு வெளியே நீட்டுகிற நேரத்தில் அவள் சமையலறைக்குள் போய்விடுவாள். அங்கே போய் ஒரு வேலையும் செய்யமாட்டாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்துக்கொண்டு காதை மட்டும் வெளியே வைத்திருப்பாள். குட்டி வாங்க வந்தவர்களில் யாராவது ஒருவர் முதலில் "ஐயய்யோ" என்பார். அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. அந்தச் சத்தமில்லாத நேரம்தான் அவளுக்கு எமன். பிறகு சிரிப்பு கேட்கும். சிரிப்பு கேட்டால் பூனை உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். அவளுக்கும் போன உயிர் திரும்பி வரும்.

அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. கீழே வண்டிகள் நிறுத்துகிற சிமெண்டுத் தரை. புல் கிடையாது, மண் கிடையாது, விழுந்தால் தாங்குவதற்கு ஒரு செடிகூடக் கிடையாது. துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். தரை அப்படியேதான் இருக்கும். அது எங்கே போகப்போகிறது? ஆனாலும் அடுத்த நாளும் பார்ப்பாள்.

பூனைக்குப் பெயர் மெத்தை. ஏன் அந்தப் பெயர் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். சாதாரணப் பூனை இரண்டைச் சேர்த்துக் கட்டினால் வருகிற உருவம். கழுத்தைச் சுற்றிப் பிடரி மாதிரி முடி, தொடைக்குக் கீழே கால்சட்டை போட்டது போலத் தொங்கும் முடி, பின்னால் துடைப்பம் போல ஒரு வால். உடம்பெல்லாம் பால் நிறம். முகமும் காதும் காலும் வாலும் மட்டும் கரி தடவியது போல. கண் இரண்டும் நீலம். பிறக்கும்போது இந்தப் பூனைகள் சுத்த வெள்ளையாகத்தான் பிறக்கும், நாள் போகப்போகத்தான் முகத்திலும் காலிலும் நிறம் ஏறும். மெத்தை அந்த வீட்டுக்கு வெள்ளைப் பஞ்சாக வந்து, அவள் கையில் சீவி வாரி வளர்ந்து, இப்போது நான்கு குட்டிக்குத் தாய்.

சீவுவதும் வாருவதும் அவள் வேலை. மணல் தட்டைக் கழுவுவது அவள் வேலை. குட்டிகளுக்குக் கண் திறக்கிற வரைக்கும் தூங்காமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அவருடைய வேலை பேசுவது.

அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செருப்புக் கடையில் விற்பனையாளர். அளவு சரியில்லை என்று எழுந்து போகிறவரையும் தோளைத் தொட்டு உட்காரவைத்து, ஒரு நம்பர் சின்னச் செருப்பை மாட்டிவிட்டு, "போடப்போடக் கால் பழகிடும் சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். போனவர் நொண்டிக்கொண்டே நன்றி சொல்லிவிட்டுப் போவார். அப்படிப்பட்ட வாய். வீட்டில் பூனைக்குட்டி விற்கிற யோசனையும் அவருடையதுதான்.

குட்டி வாங்க வருகிறவர்களிடம் அவர் சொல்கிற கதை அந்த வீட்டுச் சுவருக்கே மனப்பாடம். இந்த இனத்துக்கு ராக்டால் என்று பெயர், துணிப்பொம்மை என்று அர்த்தம் என்று ஆரம்பிப்பார். அறுபது வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு அம்மா வீட்டுப் பக்கம் ஒரு வெள்ளைப் பூனை திரிந்துகொண்டிருந்ததாம். நீள முடிக்காரி, பொல்லாத கோபக்காரியாம். ஒரு நாள் கார் அடித்துவிட்டதாம். செத்தது என்று நினைத்தால் பிழைத்துக்கொண்டதாம். பிழைத்த பிறகு அது போட்ட குட்டிகளை யார் தூக்கினாலும் துணி மாதிரி தொங்கினவாம். அடி வாங்கிய தாயின் வயிற்றில் வலியும் பயமும் செத்துப்போய், அந்த வம்சத்துக்கே இரண்டும் இல்லாமல் போய்விட்டது என்று முடிப்பார். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து மெத்தையை முன்னங்கால்களுக்கு அடியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு நடப்பார்.

மெத்தை கீறாது. கத்தாது. தெருப்பூனை என்றால் அவர் மூஞ்சியைக் கிழித்துக் கையில் கொடுத்திருக்கும். இது நீட்டிய கையில் நீட்டியபடி தொங்கும். பின்னங்கால் இரண்டும் காற்றில் ஆடும். "பார்த்தீங்களா, பயமே கிடையாது" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான்கு வயது மகள், வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடுகிறவள், அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்று அண்ணாந்து பார்த்துக் கைதட்டுவாள்.

கீழே இறக்கி விட்டதும் மெத்தை ஒன்றும் நடக்காதது போல ஆடி அசைந்து அறைக்குள் போய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும். அதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அது நடந்து போன தரையை அவள் ஒருத்திதான் பார்ப்பாள், துடைக்கிறவள் அவள்தானே. பளபளவென்று இருக்கிற டைல்ஸின் மேல் சின்னச் சின்ன ஈரத் தடம், பால்கனியிலிருந்து கட்டில் வரைக்கும். முதல் தடவை தண்ணீர்க் கிண்ணத்தை மிதித்துவிட்டது என்று நினைத்தாள். கிண்ணம் அந்தப் பக்கமே இல்லை. பிறகு ஒரு நாள் கட்டிலுக்கடியில் கையை விட்டு அதன் மார்பைத் தொட்டாள். உள்ளே தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கையை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். அப்படியே தரையில் படுத்துக்கொண்டு, ஓட்டம் அடங்குகிறவரைக்கும் கிடந்தாள். அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு நேரத்துக்கு வரவில்லை.

தடுப்பூசிக்கு எடுத்துக்கொண்டு போனபோது டாக்டரம்மா குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வைத்த இடத்திலேயே மறுபடி வைத்துக் கேட்டார். இதயத்தில் ஒரு இரைச்சல் இருக்கிறது, இந்த இனத்தில் சில வம்சத்துக்கு இதயச் சுவர் தடித்துப்போகிற வியாதி வரும், ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொன்னார். அதுவரைக்கும் அதிர்ச்சி கூடாது, விரட்டக் கூடாது, உயரத்தில் தூக்கி விளையாட்டுக் காட்டக் கூடாது என்றும் சொன்னார்.

அவள் தயங்கித் தயங்கி அந்தக் கார் கதையைக் கேட்டாள். வலி தெரியாதாமே, பயம் தெரியாதாமே.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அது யாரோ கட்டிவிட்ட கதை, கார் அடித்தால் அடிபட்ட பூனைக்குத்தான் அடி, பிறக்கப்போகிற குட்டியின் குணமெல்லாம் அதனால் மாறாது என்றார். தாய்ப்பூனை பிடரியைக் கவ்வித் தூக்கும்போது எல்லாக் குட்டியும் அடங்கித் தொங்கும். சாதுவானதாகப் பார்த்துப் பார்த்து வளர்த்ததால் இவற்றில் பலதுக்கு அந்தப் பழக்கம் பெரிதான பிறகும் நிலைத்துவிட்டது, அவ்வளவுதான். ஈரத் தடத்தைப் பற்றி அவள் சொன்னபோது டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"பூனைக்கு உள்ளங்கால்ல மட்டும்தாம்மா வேர்க்கும். பயந்தா வேர்க்கும். அது தொங்குதுன்னா பயமில்லைன்னு அர்த்தமில்ல. என்ன செய்றதுன்னு அதுக்குத் தெரியலைன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார், டாக்டர் என்ன சொன்னார் என்று. "நல்லாயிருக்குன்னாங்க" என்று சொல்லிவிட்டாள்.

இதைக் கேட்டு அவளைத் திட்டுகிறவர்கள் அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். அவர் அடிக்கிறவர் இல்லை. கெட்ட வார்த்தை ஒன்று அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. ஆனால் பேச்சை நிறுத்துவார். ஒரு முறை வந்தவர்கள் முன்னால் வாய் தவறி "விழுந்துடப்போகுதுங்க" என்று சொல்லிவிட்டாள். வந்தவர்கள் முகம் மாறி, யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். அன்றோடு அவளிடம் பேச்சு நின்றது. பூனையோடு பேசினார். கதவைத் தட்டுகிற சிலிண்டர்க்காரரோடு அரைமணி நேரம் பேசினார். அவளிடம் மட்டும் கிடையாது. "அம்மாகிட்டத் தண்ணி கொண்டுவரச் சொல்லு" என்று வாலுவிடம் சொல்வார். அவள் அங்கேயே, கை எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். வாலுவும் அதை ஒரு விளையாட்டென்று நினைத்து, "அம்மா, அப்பா தண்ணி கேக்குறாங்க" என்று ஒப்பிப்பாள். அந்த நாட்கள் மறுபடி வந்துவிடும் என்றால் அவளுக்கு ஈரக்குலையே நடுங்கும். பேசிப்பேசியே வாழ்கிற மனுஷன் பேசாமல் இருந்தால் வீடே இருட்டறை மாதிரி ஆகிவிடும், எதன் மேல் முட்டிக்கொள்வோமோ என்று தடவித் தடவி நடக்க வேண்டும்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் அதையே நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் வருவதாக இருந்தது. இரண்டு குட்டி எடுத்துக்கொள்கிறோம், ஆனால் அந்தத் தொங்குகிற வித்தையை நேரில் பார்க்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், பாட்டு வேறு. அவள் வாசற்படியில் வந்து நின்றாள். இன்றைக்குச் சொல்லாவிட்டால் மெத்தை அவர் கையிலேயே போய்விடும் என்று தன்னைத் தானே உந்தித் தள்ளிக்கொண்டாள்.

"ஏங்க, இன்னைக்கு அந்தத் தொங்கவிடுறது மட்டும் வேண்டாமே."

பாட்டு நின்றது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தார். கோபம் இல்லை முகத்தில். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற முகம்.

"ஏன், டாக்டர் ஏதாவது சொன்னாங்களா?"

கேட்டாரே! வாயைத் திறந்து கேட்டாரே! கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வா என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, அன்றைக்கு ஏன் நல்லாயிருக்குன்னு சொன்னே என்பது. அதற்கு அடுத்தது அந்த மௌனம். அவள் ஒன்றுமில்லை, சும்மாதான் சொன்னேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவர் பாட்டை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

சொல்லத்தான் துப்பில்லை, ஒளித்தாவது வைப்போம் என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மெத்தையைக் குளியலறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டாள். வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் அசிங்கம் பண்ணிக்கொண்டது, இப்போதுதான் கழுவி விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஈரப் பூனையை யாரும் தூக்க மாட்டார்கள். ஒரு நாள் தப்பித்தால் போதும். லிஃப்ட் வேலை செய்யாததால் விருந்தாளிகளைப் படியிலேயே பேச்சுக் கொடுத்து அழைத்துவர அவர் கீழே இறங்கிப் போனார். அவள் டீக்குத் தண்ணீர் வைத்தாள். நெஞ்சு கொஞ்சம் லேசானது.

வாலு எங்கேயோ விளையாடிக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது. "வாங்க வாங்க, உக்காருங்க" என்று யாரையோ உபசரித்துக்கொண்டிருந்தாள். பொம்மைகளோடு எப்போதும் பேசுகிறவள்தான். தாய் டீத்தூளை அள்ளிப் போட்டாள். அப்புறம் குரல் மறுபடி வந்தது.

"பார்த்தீங்களா, பயமே கிடையாது."

டீத்தூள் கரண்டி கையிலிருந்து விழுந்தது.

கூடத்தின் அந்தக் கோடியில் பால்கனிக் கதவு திறந்திருந்தது. துணிக்கூடைக்குள் நான்கு குட்டிகளும் வரிசையாக உட்காரவைக்கப்பட்டிருந்தன. அவைதான் குட்டி வாங்க வந்தவர்கள். கம்பியை ஒட்டிக் குளியலறை முக்காலி. முக்காலி மேல் வாலு. கம்பி அவள் வயிற்றுக்குத்தான் இருந்தது. மெத்தையின் முன்னங்கால்களுக்கு அடியில் இரண்டு கையையும் கோத்து, அப்பா பிடிக்கிற மாதிரியே பிடித்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். பூனையின் கனம் அவளை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தது. அவளுடைய குதிகால் இரண்டும் முக்காலியை விட்டு மேலே எழும்பியிருந்தன.

கத்தக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. கத்தினால் பிள்ளை திரும்பும். திரும்பினால் போச்சு. நடந்தாள். வாலுவின் கைக்கு எட்டுகிற தாழ்ப்பாள் திறந்து கிடந்தது; குளியலறையிலிருந்து பால்கனி வரைக்கும் தரையில் ஈரத் தடம். குளியலறைத் தண்ணீரா, மற்றதா என்று யோசிக்கிற நேரம் அது இல்லை. கூடம் எப்போது இவ்வளவு நீளமானது? பெற்ற பிள்ளை அந்தக் கோடியில் நிற்கிறது, இவள் ஓடவும் முடியாமல் கத்தவும் முடியாமல் திருடி மாதிரி அடிமேல் அடி வைக்கிறாள். கடவுளே, கடவுளே என்று உதடு மட்டும் அசைந்தது. முக்காலியின் பின்கால் தரையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்தாள். அதற்கு மேல் நடக்கவில்லை, பாய்ந்தாள்.

சட்டைதான் முதலில் கையில் சிக்கியது, அப்புறம் இடுப்பு. இழுத்த வேகத்தில் தாயும் பிள்ளையும் பால்கனித் தரையில் மல்லாந்து விழுந்தார்கள். பிள்ளையின் கை இரண்டும் வெறுமையாக இருந்தன.

வேறு எந்தப் பூனையாக இருந்தாலும் பிடித்திருக்கும். பிள்ளையின் சட்டையை, கையை, கம்பியை, எதையாவது நகத்தால் கவ்விக்கொண்டிருக்கும். கீறல் விழுந்திருக்கும், ரத்தம் வந்திருக்கும், வந்தால் வரட்டுமே! அதற்கும் நகம் இருந்தது. மாதாமாதம் வெட்டிவிடுகிறவளுக்குத் தெரியாதா? அவள் விழும்போது கம்பி இடுக்கு வழியாக அந்த நீலக்கண் ஒரு கணம் அவளைப் பார்த்தது. ஒரு காலைக்கூட அது நீட்டவில்லை.

கீழே தொப்பென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை.

வாலுவை இறுக்கிக் கட்டிக்கொண்டே அவள் எழுந்து கம்பியைப் பிடித்தாள். அவர் அப்போதுதான் பேக்கரிக்காரரையும் மனைவியையும் வாசலிலிருந்து வண்டிகளுக்கு நடுவே அழைத்துக்கொண்டு வந்திருந்தார். கதையில் கார் வந்து அடிக்கிற இடம் வரைக்கும் வந்திருக்க வேண்டும். ஒரு கை இன்னும் காற்றில் ஸ்டியரிங் பிடித்த மாதிரி நின்றது. அவர் காலுக்கு முன்னால் சிமெண்டில் மெத்தை கிடந்தது. பேக்கரிக்காரர் இரண்டடி பின்வாங்கியிருந்தார்.

அவர் குனிந்து அதைத் தூக்கினார். அது அவருடைய நீட்டிய கையில் நீட்டியபடி தொங்கியது. பின்னங்கால்கள் ஆடின. தலை அவர் முழங்கையில் சாய்ந்தது. மேலிருந்து பார்த்தவளுக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. அந்த முகம் சிரிக்க முயன்றது. வாடிக்கையாளர் எதிரே நிற்கிறார், அந்த வாய்க்கு வேறு வழி தெரியவில்லை.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது இப்படித்தான். தூக்கினா அப்படியே…"

பேக்கரிக்காரர் மனைவிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கிட்டே வந்து, தொங்குகிற முன்னங்காலை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கழுத்து முடியைத் தடவிக்கொடுத்தாள். அவள் குரலில் இருந்தது ஆச்சரியம், வேறொன்றும் இல்லை.

"அம்மாடி, அவ்வளவு ஒசரத்துலேருந்து விழுந்தும் ஒரு சத்தம் போடலியே. நீங்க போன்ல சொன்னப்ப நான் நம்பவே இல்ல. எங்களுக்கு இதோட குட்டிதானே?"

அவர் கையில் இருந்ததை மெதுவாக ஒரு குலுக்குக் குலுக்கினார். மறுபடியும் குலுக்கினார். அது அவர் குலுக்கிய பக்கமெல்லாம் ஆடியது. உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் ஆடும். எது அது, எது இது என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எத்தனையோ பேருக்குத் தூக்கிக் காட்டியவர், ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை. அண்ணாந்து மேலே பார்த்தார். செருப்புக் கடை முகம் போய்விட்டது; தொலைந்துபோன பிள்ளையின் முகம் அங்கே இருந்தது.

"ஏம்மா… இது எப்பவும் இப்படித்தானே இருக்கும்? நீ சொல்லேன்."

மூன்று மாடியிலும் ஜன்னல்கள் திறந்திருந்தன. வாலு அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. கத்த வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு அமைதியாக இருந்தது கீழே.

"இல்லைங்க. அது செத்துப்போச்சு. நீங்க தொங்கவிட்ட ஒவ்வொரு தடவையும் அது பயந்துச்சு. நானும்தான் பயந்தேன். எனக்குத் தெரியும், நான்தான் சொல்லல."

பேக்கரிக்காரர் மனைவி பூனையின் கழுத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.